சொந்தமாகச் செய்யும் சிஎன்சி ரூட்டர்: பணமும் உழைப்பும் வீணாகும் இடங்கள்

கணினி சொன்னபடி கட்டரை நகர்த்தி மரத்தையும் அலுமினியத்தையும் வெட்டும் எந்திரம்தான் சிஎன்சி ரூட்டர். வீட்டில் கட்டிய ஒன்றில் வெட்டிய ஓரத்தில் அலையலையாகக் கோடு விழுகிறது. வட்டம் முட்டை வடிவத்தில் வருகிறது. அலுமினியத்தில் கட்டரை இறக்கினால் எந்திரமே அலறுகிறது. இப்படி ஆனதும் பலரும் முதலில் செய்வது, இருப்பதைக் கழற்றிவிட்டுப் பெரிய மோட்டாரோ 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலோ (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) வாங்கி மாட்டுவது. வளைகிற சட்டத்தில் கூடுதல் பலத்தை ஏற்றினால் அது இன்னும் அதிகமாக வளையும், அவ்வளவுதான். வீட்டில் கட்டும் சிஎன்சியின் குறைகளில் பெரும்பகுதி சட்டம், ரெயில், பேரிங் இவற்றின் தளர்விலிருந்தே வருகிறது. அதனால் பர்ஸை எடுப்பதற்கு முன் டயல் கேஜை (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) எடுங்கள்.

அளக்கும் முறை எளிது. எந்திரத்துக்குக் கரண்ட் கொடுத்து ஸ்டெப்பர்கள் (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்கள்) பிடித்திருக்கட்டும். ஸ்பிண்டில் ஓடக்கூடாது, அதன் பிளக்கையே உருவி விடுங்கள். டயல் கேஜின் காந்த அடியை மேசையில் நிறுத்தி (மேசை மரமென்றால் அடியில் ஒரு இரும்புத் தகட்டைத் திருகிக்கொள்ளுங்கள்) முனையைக் காலெட் (கட்டரைக் கவ்வும் பிடி) நட்டில் தொட வையுங்கள். லக்கேஜ் எடை பார்க்கும் கைத்தராசைக் காலெட்டில் மாட்டி 5 கிலோ அளவுக்கு இழுங்கள். அது ஏறத்தாழ 50 நியூட்டன் விசை. முள் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இழுப்பில் கேஜை இசட் தகடு (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகர்வது), எக்ஸ் கேரேஜ் (அதைப் பக்கவாட்டில் நகர்த்துவது), கேன்ட்ரியின் (மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) பக்கத் தகடு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். காலெட்டில் 0.40 மி.மீ., இசட் தகட்டில் 0.35, எக்ஸ் கேரேஜில் 0.08 என்று வந்தால், இசட் தகட்டுக்கும் எக்ஸ் கேரேஜுக்கும் நடுவே உள்ள பேரிங்கோ திருகோதான் குற்றவாளி. அங்கே செலவழியுங்கள். மற்ற இடங்களில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, இரு முனைகளில் மட்டும் பிடித்திருக்கும் உருளைக் கம்பிகள். விலை குறைவு, மாட்டுவது சுலபம் என்பதால் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 12 மி.மீ. எஃகுக் கம்பி இரண்டு, இடைவெளி 600 மி.மீ., நடுவில் 50 நியூட்டன் விசை. முனைப் பிடிப்பு பிளாஸ்டிக்கோ மெல்லிய அலுமினியமோ என்றால் வளைவு சுமார் 0.55 மி.மீ. வரும். 16 மி.மீ. கம்பியில் அது 0.17 ஆகவும், 20 மி.மீ. கம்பியில் 0.07 ஆகவும் இறங்கும். வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் போகிறது. "கொஞ்சம் பெரிய மேசையாக இருக்கட்டுமே" என்று 600-ஐ 900 ஆக்கினால் 12 மி.மீ. கம்பியின் வளைவு 1.8 மி.மீ.யைத் தாண்டும். இது வெறும் வளைவு. கட்டர் கம்பிகளுக்குக் கீழே தொங்குவதால் வரும் முறுக்கம் இதற்கு மேல். கம்பியில் 400 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடி முழுக்கத் தாங்கல் உள்ள எஸ்பிஆர் ரெயில், முடிந்தால் எச்ஜிஆர்15 அல்லது எச்ஜிஆர்20 சதுர ரெயில். எஸ்பிஆரின் பேரிங் ஒரு பக்கம் திறந்திருப்பதால், திறந்த பக்கமாக இழுக்கும் விசையை அது குறைவாகவே தாங்கும்.

ஆனால் சதுர ரெயில் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். கடையில் வாங்கிய இரும்பு சதுரக் குழாய் நேராக இருப்பதில்லை. வெல்டிங் சூட்டில் மேலும் திருகிக்கொள்ளும். அதன்மேல் அப்படியே திருகினால் ரெயில் அந்தக் கோணலுக்கே வளைந்து படியும், பிளாக் ஒரு இடத்தில் இறுகும், இன்னொரு இடத்தில் வழுக்கும். வெல்டிங் வேலை முழுவதும் முடிந்த பிறகு, ரெயில் உட்காரும் முகத்தை மட்டும் மில்லிங் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் மெதுவாக இறுகும், நீர்போல ஓடும் எபாக்ஸியை அணைகட்டி ஊற்றலாம். இரண்டு ரெயிலின் அணைகளையும் ஒரு வாய்க்கால் இணைத்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். பொருத்தும்போது முதல் ரெயிலை நேர்விளிம்பு வைத்து முழுதாக இறுக்குங்கள். இரண்டாவதைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட்டி, அது நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள திருகுகளை மட்டும் இறுக்கிக்கொண்டே போங்கள். இரண்டையும் தனித்தனியாக அளந்து இறுக்கினால் இணையாக வராது.

கேன்ட்ரியின் உயரத்திலும் ஆசை வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட் வெட்டுகிறவருக்கு 150 மி.மீ. இடைவெளி எதற்கு? 70 மி.மீ. தாராளம். கட்டர் கேன்ட்ரிக்குக் கீழே எவ்வளவு இறங்கி நிற்கிறதோ, அவ்வளவு நீள நெம்புகோலால் அது உங்கள் பேரிங்குகளைப் பிரித்தெடுக்கிறது.

லீட் ஸ்க்ரூ (சுழன்று அச்சை நகர்த்தும் மரைக்கம்பி) விஷயத்தில் கண்ணுக்குத் தெரியாத தவறு, அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கில் இருக்கிறது. சுருள் வெட்டு உள்ள அலுமினிய கப்ளிங் அச்சு வாக்கில் ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். ஸ்க்ரூவின் தள்ளுவிசையைத் தாங்கத் தனி பேரிங் இல்லாமல் மோட்டார், கப்ளிங், ஸ்க்ரூ என்று நேரே இணைத்தால், அந்த நீட்சி முழுக்க பேக்லாஷாகவே (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டம்) வெளிப்படும். மோட்டார் பக்க முனையை பிகே12 போன்ற நிலைத்த பேரிங்கில் முன்னும் பின்னும் நகராமல் பூட்டுங்கள். மறுமுனை பிஎஃப்12-இல் சுழன்றால் போதும், சூட்டில் நீள அதற்கு இடம் வேண்டும். அந்த மறுமுனையைத் தாங்கலே இல்லாமல் தொங்கவிடுவதும் உண்டு. டி8 ஸ்க்ரூ (8 மி.மீ. விட்டம்) 1 மீட்டர் நீளம், ஒரு முனை மட்டும் பிடிப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றிலேயே சாட்டையாக அடிக்கத் தொடங்கும். இரு முனையிலும் தாங்கல் கொடுத்தால் 580 வரை போகலாம். 500 மி.மீ. நீளத்துக்கு இதுபோல நான்கு மடங்கு. நீள மேசைக்கு டி8 பொருந்தாது. 1605 அல்லது 1610 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 அல்லது 10 மி.மீ. நகர்வு) போடுங்கள்.

மோட்டாரில் ஆம்பியரையும் டார்க்கையும் பார்க்கிறவர்கள் இண்டக்டன்ஸைப் பார்ப்பதில்லை. பெரிய மோட்டாரின் சுருளில் கரண்ட் ஏற நேரம் பிடிக்கும். 24 வோல்ட்டில் ஓடும் தடித்த மோட்டார் வேகம் கூடியதும் சோர்ந்து ஸ்டெப்பைத் தவறவிடும், சிறியது ஓடிவிடும். இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் வருவது மோட்டாருக்கு ஏற்ற உச்ச வோல்ட்டேஜ். 4 மில்லிஹென்றிக்கு 64 வோல்ட். டிஎம்542 டிரைவரின் (மோட்டாருக்குக் கரண்ட் ஊட்டும் பெட்டி) எல்லை 50 வோல்ட். வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் வோல்ட்டேஜுக்கும் இடம் விட வேண்டும் என்பதால் 36 வோல்ட் சப்ளை நிம்மதியானது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் அந்தக் கணமே போய்விடலாம்.

அளவு சரியாக வரவில்லை என்றதும் ஜிஆர்பிஎல்லில் (எந்திரத்தை ஓட்டும் மென்பொருள்) ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100, $101 எண்களைத் திருத்துவது இன்னொரு பழக்கம். ஸ்க்ரூ எந்திரத்தில் அந்த எண் கணக்கிலேயே கிடைக்கிறது: ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றும் 8 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிவது, ஸ்க்ரூ ஒரு சுற்றில் நகர்த்தும் தூரம் (லீட்) 8 மி.மீ. என்றால் 200 × 8 ÷ 8 = 200. 1605-க்கு 320. வெட்டிய துண்டை அளந்து இதை மாற்றாதீர்கள். 20 மி.மீ. சதுரம் ஒன்றும் 100 மி.மீ. சதுரம் ஒன்றும் வெட்டிப் பாருங்கள். இரண்டிலும் பிழை அதே 0.2 மி.மீ. என்றால் கட்டர் விட்டமோ வளைவோ பேக்லாஷோ காரணம். பெரியதில் பிழை ஐந்து மடங்கானால் மட்டுமே ஸ்டெப் எண்ணில் கோளாறு. வேலை முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும்போது இடம் தவறி நின்றால், ஸ்டெப் விட்டுப்போகிறது என்று பொருள். வேகத்தையும் ஆக்ஸிலரேஷனையும் குறைத்துப் பாருங்கள். $1=255 வைத்தால் நிற்கும்போதும் மோட்டார் பிடி விடாது.

ஃபீட் (கட்டர் நகரும் வேகம்) விஷயத்தில் பயம்தான் எதிரி. "மெதுவாக ஓட்டினால் பத்திரம்" என்று 18,000 சுற்றில் நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம் வைத்தால் கட்டர் வெட்டாமல் தேய்க்கும். மரம் கருகும், அலுமினியம் உருகிப் பல்லில் ஒட்டும். சுற்று × பல் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சீவல், இதுதான் ஃபீட். 6 மி.மீ. இரட்டைப் பல் கட்டரில் எம்டிஎஃப்புக்கு (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 0.1 மி.மீ. சீவல்: 18,000 × 2 × 0.1 = 3,600 மி.மீ./நிமிடம். உங்கள் எந்திரம் 1,200தான் தாங்கும் என்றால் ஒற்றைப் பல் கட்டருக்கு மாறி 12,000 சுற்றில் ஓட்டுங்கள்; சீவல் அதே 0.1. அலுமினியத்துக்கு 3 மி.மீ. ஒற்றைப் பல்லில் 0.025 எடுத்தால் 18,000 சுற்றுக்கு 450 வரும். பத்திரம் வேண்டுமென்றால் ஃபீட்டைக் குறைக்காமல் ஆழத்தைக் குறையுங்கள், அலுமினியத்தில் 0.3 மி.மீ.யில் தொடங்கலாம். காலெட்டை முதலில் நட்டுக்குள் அழுத்திச் சொடுக்கி, பிறகு ஸ்பிண்டிலில் மாட்டி, கடைசியில் கட்டரைச் செருக வேண்டும். இந்த வரிசை மாறினால் கட்டர் மையம் தப்பிச் சுற்றும்.

மின்சாரப் பக்கம் இருக்கும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை. விஎஃப்டி (மின் அலைவெண்ணை மாற்றி ஸ்பிண்டில் வேகத்தை ஆளும் பெட்டி) கொண்டு ஓடும் மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் நாலாவது பின் உடம்போடு இணைக்கப்பட்டே இருக்காது. மல்டிமீட்டரில் ஸ்பிண்டில் உடம்புக்கும் அந்தப் பின்னுக்கும் தொடர்ச்சி பாருங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்து எர்த் ஒயர் போடுங்கள். 24,000 சுற்று ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டியில் 400 ஹெர்ட்ஸ் அமைக்காமல், தொழிற்சாலை அமைப்பான 50 ஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் சுருள் கருகும். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினால் மோட்டார் மட்டும் நின்று ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும்படி ஒயரிங் செய்யாதீர்கள்.

ஸ்பிண்டில் ஓடும்போது லிமிட் ஸ்விட்ச் (அச்சு எல்லைக்கு வந்ததும் எந்திரத்தை நிறுத்துவது) தானாகவே தட்டினால், பழி ஸ்விட்சுக்கு இல்லை, விஎஃப்டி ஒயருக்கு. அதை உலோக வலை சுற்றிய ஷீல்டு கேபிளாக்கி, லிமிட் ஒயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். லிமிட் ஸ்விட்சுகளை என்சி முறையில் (சாதாரண நிலையில் இணைப்பு மூடியிருக்கும்படி) இணைத்தால் ஒயர் அறுந்தாலும் எந்திரம் நிற்கும். அர்டுயினோ கட்டுப்பாட்டு போர்டின் மேல் சிஎன்சி ஷீல்டு வி3 என்ற இணைப்பு போர்டை வைத்தவர்கள் கவனிக்க: ஜிஆர்பிஎல் 0.9 முதல் ஸ்பிண்டில் பிடபிள்யூஎம் (வேகத்தைச் சொல்லும் சைகை) 11ஆம் பின்னுக்கும், இசட் லிமிட் 12ஆம் பின்னுக்கும் மாறிவிட்டன. போர்டில் அச்சிட்டிருப்பது பழைய முறை. இசட் ஸ்விட்சை, எஸ்பிஎன் இஎன் என்று எழுதிய இடத்தில் செருக வேண்டும்.

கடைசியில் மேசை. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியை வளைத்து மாட்டி அதன் நுனியில் டயல் கேஜ் கட்டி, 200 மி.மீ. விட்ட வட்டத்தில் கையால் சுற்றுங்கள். நான்கு திசையிலும் எண் 0.05-க்குள் நிற்கும்வரை ஸ்பிண்டில் பிடிப்பின் கீழ் சிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். அதன் பிறகே எம்டிஎஃப் பலகையை எந்திரத்தாலேயே சீவ வேண்டும். சாய்ந்த ஸ்பிண்டிலால் சீவினால் படிப்படியாக வரப்பு நிற்கும். மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஈரம் குடித்து உப்பும். ஐப்பசி, கார்த்திகை தாண்டியதும் ஒரு முறை 0.5 மி.மீ. ஆழத்தில் மறுபடி சீவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.