அராமிடா, பாலி எத்திலீனா? வலிய பாதுகாப்பு இழைகளைத் தேர்ந்து கையாளும் முறை

கெவ்லர் என்ற செயற்கை இழை எஃகைவிட ஐந்து மடங்கு வலியது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. சம எடைக்குச் சம எடை வைத்து, இழையை நேராக இழுக்கும்போது அந்தக் கணக்கு சரி. முடிச்சுப் போட்டாலோ, கூரிய விளிம்பில் மடித்தாலோ, மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தாலோ வலிமை மளமளவென்று இறங்கிவிடும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு பகை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

அன்றாடப் பொருள்களில் வருபவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது பாரா அராமிட். 1965-இல் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லரும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ட்வாரானும் இதில் அடங்கும். மஞ்சள் நிறம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம். இது உருகாது, சுமார் 425 டிகிரி செல்சியஸுக்கு மேல் கருகிச் சிதையும். இரண்டாவது மெட்டா அராமிட், அதாவது நோமெக்ஸ். இதன் இழுவலிமை குறைவு. ஆனால் தீயைத் தாங்குவதால் தீயணைப்பு வீரர், பந்தயக் கார் ஓட்டுநர் ஆகியோரின் உடைகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது மிக உயர் மூலக்கூறு எடை பாலி எத்திலீன்; டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கிறது. வெண்மையாக, வழவழப்பாக இருக்கும். அடர்த்தி 0.97 என்பதால் தண்ணீரில் மிதக்கும். இதன் பகை சூடு: 145 முதல் 150 டிகிரிக்குள் உருகிவிடும், 70 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து சுமை ஏற்றினாலே தளரத் தொடங்கும்.

கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் விளிம்பிலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். உருகாமல் கருகி, சுடரை விலக்கியதும் அணைந்தால் அராமிட். சுருங்கி உருகி, மெழுகுவர்த்தி அணைந்தாற்போல் மணம் வந்தால் பாலி எத்திலீனாக இருக்கலாம். பாலிபுரோப்பிலீனும் தண்ணீரில் மிதக்கும், உருகும். ஆகவே கயிற்றின் விலையும் வழவழப்பும் சந்தேகம் தந்தால் பாரம் ஏற்ற வேண்டாம்.

வெட்டுத் தடுப்புக் கையுறையில் இஎன் 388 என்ற ஐரோப்பியத் தர முத்திரையின் கீழ் நான்கு எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். எண்கள் முறையே உராய்வு, சுழல் கத்தி வெட்டு, கிழிதல், குத்துதல் ஆகியவற்றைக் குறிக்கும். பார்க்க வேண்டியது அந்த எழுத்து. 'ஏ' என்றால் குறைந்தது 2 நியூட்டன் வெட்டு விசையைத் தாங்கும்; 'சி' 10, 'டி' 15, 'எஃப்' 30. கண்ணாடி, தகடு கையாள 'டி'-க்குக் கீழே போகாதீர்கள். பின்னலாடைக் கையுறையில் ஊசியும் முள்ளும் கண்ணிகளுக்கு இடையே எளிதாக நுழைந்துவிடும். வெட்டைத் தடுப்பது குத்தைத் தடுக்கும் என்று நம்பிக் காயப்பட்டவர் பலர். துளையிடும் இயந்திரம் போன்ற சுழலும் கருவிகள் அருகே இக்கையுறை கூடவே கூடாது. சாதாரண நூலென்றால் அறுந்து விட்டுவிடும். இது அறாமல் விரலையும் சேர்த்து இழுக்கும். பாலி எத்திலீன் கையுறையால் சூடான பாத்திரத்தைப் பிடிக்காதீர்கள்.

அராமிட் துணியைச் சாதாரண கத்தரிக்கோலால் வெட்டினால் இழை நழுவி, விளிம்பு பஞ்சுபோல் பிசிறிவிடும். ஓர் அலகில் நுண்பற்கள் கொண்ட கத்தரிக்கோலை இதற்கென்றே தனியாக வையுங்கள். வெட்டுக்கோட்டின் மேல் காகித ஒட்டுநாடாவை (மாஸ்கிங் டேப்) அழுத்தி ஒட்டி, நாடாவோடு சேர்த்து வெட்டினால் விளிம்பு நேராக நிற்கும்.

கயிறுதான் நிறையப் பேர் தவறும் இடம். டைனீமா கயிறு வழுக்கும். முடிச்சு மெல்ல நழுவும், நழுவாவிட்டாலும் வலிமையில் பாதிவரை போய்விடும். அதனால் முனையில் கண்ணி வேண்டுமானால் கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே செருக வேண்டும். 12 புரி கொண்ட, நடுவே கூடான பின்னல் கயிறாக இருப்பது அவசியம். செருகும் நீளம் விட்டத்தைப்போல் 72 மடங்கு: 6 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 432 மில்லிமீட்டர். நுனியிலிருந்து அந்த அளவில் ஒரு குறி, கண்ணியின் சுற்றளவை விட்டு அடுத்த குறி. வால்பகுதியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் புரிகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெட்டி, எலிவால்போல் மெலிதாக்குங்கள். மொட்டையாக விட்டால் உள்ளே வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென மடிந்து அங்கேயே அறும். இரண்டாம் குறியில் பின்னலைத் திறந்து, வாலைச் செருகுகோலில் மாட்டி உள்ளே ஓட்டி, மேலுறையைக் கண்ணியிலிருந்து வெளிப்புறமாக நீவிவிடுங்கள். இழுக்க இழுக்க உறை வாலை இறுகப் பிடிக்கும். சுமை இல்லாதபோது வால் நழுவாதிருக்க, கண்ணியின் கழுத்தில் குறுக்காகத் தையல் போட்டே ஆக வேண்டும்.

இந்தக் கயிறு சுமையில் 3 அல்லது 4 விழுக்காடுதான் நீளும். விழுபவரைத் தாங்கும் வேலைக்கு அது ஆகாது. அதிர்ச்சி முழுதும் உடலில் இறங்கும். அதற்கு நைலான் மலையேற்றக் கயிறே சரி. மாதக்கணக்கில் தொங்கும் பாரத்துக்கும் வேண்டாம், பாலி எத்திலீன் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும்.

துவைப்பதென்றால் 40 டிகிரிக்கு உட்பட்ட நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். குளோரின் பிளீச் அராமிடைத் தின்றுவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் தீத்தடுப்பு உடையில் எரியக்கூடிய படலத்தை விட்டுவைக்கும். அராமிடுக்கு வெயிலும் பகைதான்: மஞ்சள் பழுப்பாகிவிட்டால் மேலிழைகள் வலிமை இழந்துவிட்டன என்று பொருள். குண்டு தடுப்பு உடையின் அராமிட் அடுக்குகள் நனைந்தால் இழைகள் வழுக்கித் தடுப்பாற்றல் குறையும், ஆகவே அவற்றை மூடிய உறையைக் கழுவுவதற்காகப் பிரிக்கக் கூடாது.

சங்கிலி வாள் தடுப்புக் காற்சட்டையின் உள்ளே உள்ள நீள இழைகள் உருவி வந்து பற்சக்கரத்தில் சிக்கித்தான் வாளை நிறுத்துகின்றன. மேல்துணி கிழிந்தால் அதை மட்டும் ஒட்டுப்போடலாம். உள்ளடுக்கோடு சேர்த்துத் தைத்தால் இழைகள் நகர முடியாமல் பூட்டிக்கொள்ளும், வாள் நேராக அறுத்துச் செல்லும். உள்ளடுக்கில் ஒருமுறை வாள் பட்ட காற்சட்டையை, வெளியே சிறிய கிழிசலாகத் தெரிந்தாலும், மறுபடி அணியாதீர்கள்.