பட்ஜெட் கேமிங் பிசி: எந்தப் பாகத்தில் தொடங்குவது?

முதன்முதலாக பிசி அசெம்பிள் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ப்ராசஸரில் ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால் கேபினெட்டில். நான் இரண்டாவது ரகம். கண்ணாடி முகப்பு, கலர் மாறும் ஃபேன் எல்லாம் வாங்கி முடித்துவிட்டுப் பார்த்தால், கிராபிக்ஸ் கார்டுக்குக் கையில் மிஞ்சியது சொற்பம். கேம் திக்கித் திணறி ஓடியது. விளக்கு மட்டும் பிரமாதமாக எரிந்தது. நான் செய்ததற்கு நேர்மாறான வரிசை கீழே.

1. முதலில் மானிட்டர்

பிசி எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரைதான். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440-இல் கிட்டத்தட்ட 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், அதாவது முதல் திரையைப் போல நான்கு மடங்கு. நொடிக்குப் பல முறை மாறும் ஒவ்வொரு படத்துக்கும் (ஃபிரேம்) இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் 1080-இலேயே நில்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன கேம் ஆடப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி கேம்களில் வேகத்தைப் பெரும்பாலும் ப்ராசஸர்தான் தீர்மானிக்கும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை கேம்களில் சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும்.

2. கிராபிக்ஸ் கார்டு

மானிட்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்குங்கள். பாதி வரை போனாலும் தப்பில்லை. வீடியோ மெமரி 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். புதிய கேம்களில் மெமரி பற்றாவிட்டால் படம் விட்டுவிட்டு ஓடும், அல்லது சுவர், தரையெல்லாம் மங்கலாகத் தெரியும்.

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு கார்டுகள் உண்டு. மெமரிதான் கொஞ்சம் குறைவு என்று நினைத்து 8 ஜிபியை எடுத்தால், மெமரி பஸ்ஸும் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்திருக்கும். அதனால் வேகமும் அடிவாங்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? தாராளமாக. ஆனால் கனமான ஒரு கேமை உங்கள் கண் முன்னால் அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

3. ப்ராசஸர்

6 கோர் (கணக்குப் போடும் மையம்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) இருந்தால் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல்லின் கோர் ஐ5 12400எஃப் இரண்டும் இந்த ரகம்தான். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ரைசன் 5600-லும் அதே கதைதான். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். தனி கார்டு போடப்போகிறவருக்கு ஜி வேண்டாம்.

4. மதர்போர்டு, ரேம்

ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டாக (ப்ராசஸர் உட்காரும் இடம்) இருக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700-இல்தான் குழப்பம்: சில போர்டுகள் டிடிஆர்4, சில டிடிஆர்5. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் செருக முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால், உங்கள் ப்ராசஸருக்கு எந்த பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) வெர்ஷன் வேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

ரேம் 16 ஜிபி. ஒரே 16-ஐ விட இரண்டு 8 மேல். அப்போதுதான் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு போகும்படி, ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி, வழக்கமாக 2-வது, 4-வது ஸ்லாட்டில் போட வேண்டும். இரு முனையிலும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அப்புறம் பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

5. எஸ்எஸ்டி

கேம்களைச் சேமித்து வைக்கும் இடம் இது. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் 1 டிபி என்விஎம்இ ஒன்று. விளம்பரத்தில் வரும் அசுர வேகங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், கேமில் வித்தியாசம் தெரியாது.

6. எஸ்எம்பிஎஸ்: இங்கே கஞ்சத்தனம் ஆகாது

பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். கணக்கு எளிது. ரைசன் 5600 முழு வேகத்தில் சுமார் 76 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115. மதர்போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து தாராளமாக 60 என்று வையுங்கள். மொத்தம் 251. இதற்கு 550 வாட் தாராளம். 850 வாங்குவது வீண். ஆனால் அந்த 550 நிஜமான 550-ஆக இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாதீர்கள். கெட்டுப்போகும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும், தரத்துக்குச் சான்று ஆகாது. எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். ஐந்துக்கு மேல் கொடுப்பவர் ஓரளவு நம்பித்தான் கொடுக்கிறார். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. பிளக் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம்.

7. கடைசியாக கேபினெட்

மூன்று அளவுகள்: உங்கள் கிராபிக்ஸ் கார்டின் நீளம், ப்ராசஸர் கூலரின் உயரம், மதர்போர்டின் அளவு. மூன்றுக்கும் இடம் இருக்கிறதா என்று மில்லிமீட்டரில் பார்த்துவிட்டு, முன்பக்கம் வலையாக இருப்பதை எடுங்கள். என் கேபினெட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய வழியே இல்லை. கேம் ஆடும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.