ஒவ்வாமைப் பயிற்சி நடத்துவது எப்படி: பராமரிப்பாளருக்கும் மருத்துவப் பணியாளருக்கும்

ஒவ்வாமை வகுப்புகளில் பாதி நேரம் அது ஏன் வருகிறது என்ற விளக்கத்திலேயே கரைந்துவிடுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், மாஸ்ட் செல் என்ற தற்காப்புச் செல், அது வெளிவிடும் ஹிஸ்டமின் என்று படம் போட்டுக் காட்டியபின், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் அட்ரினலின் மருந்து நிரப்பிய ஊசிக் கருவியைச் செய்துகாட்டுவார், மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கலைவார்கள். இப்படிப் பயின்றவர் நிஜமான அனாஃபிலாக்சிஸை, அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமைத் தாக்குதலை, சந்திக்கும்போது தடுமாறுவது இரண்டே இடங்களில். இது ஊசி போட வேண்டிய நிலைதானா என்று தீர்மானிப்பது ஒன்று. கருவியைச் சரியாகப் பிடித்து அழுத்துவது இன்னொன்று. பயிற்சியின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும். நோய் விளக்கம் கேள்வி எழும்போது வந்தால் போதும்.

அவகாசம் எவ்வளவு குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸால் இறந்தவர்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், மூச்சோ இதயத் துடிப்போ நிற்கும் வரை கிடைத்த நேரத்தின் இடைநிலை அளவு உணவால் வந்தால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் 15, மருத்துவமனையில் ஏற்றிய மருந்தால் 5. ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்க முடியாததன் காரணம் இதுதான்.

வகுப்புக்கு முன் சேர்க்க வேண்டியவை

ஒரு குழுவில் 8 முதல் 10 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் எல்லார் கையையும் பார்த்துத் திருத்த முடியாது. இரண்டு பேருக்கு ஒரு பயிற்சிக் கருவி என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஊசியோ மருந்தோ இல்லாதது, திரும்பத் திரும்ப அழுத்தலாம். பங்கேற்பவர் வீட்டிலோ பள்ளியிலோ வைத்திருக்கும் கருவியின் அதே வகையாக இருப்பது முக்கியம். எபிபென்னில் பாதுகாப்பு மூடியை இழுத்துவிட்டு முனையைத் தொடையில் அழுத்தினால் ஊசி இறங்கும். அனாபென்னில் முனையை வைத்தபின் மறுமுனையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் குழம்பும். மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரேயும் 2024 முதல் சில நாடுகளில் வந்திருக்கிறது. அது கொடுக்கப்பட்டவருக்கு அதன் முறையைத் தனியாகக் காட்டுங்கள்.

நிஜக் கருவிகளை வகுப்பு மேசையில் வைக்காதீர்கள். பயிற்சிக் கருவி என்று நினைத்து நிஜத்தை அழுத்துவதும் நடக்கும், அவசரத்தில் நிஜத்துக்குப் பதில் பயிற்சிக் கருவியை எடுத்து ஓடுவதும் நடக்கும். வகுப்பு முடிந்ததும் பயிற்சிக் கருவிகளை எண்ணி, வேறு பையில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

இவற்றோடு பலவகைத் தின்பண்டங்களின் காலி உறைகள், ஒரு நிறுத்துக் கடிகாரம், சூழல்களை எழுதிய அட்டைகள். மருத்துவப் பணியாளர் வகுப்பென்றால் 1 மி.லி. சிரிஞ்ச், ஊசிகள், பயிற்சிக்கான நீர் ஆம்பூல்.

எப்போது ஊசி: தீர்மானிக்கப் பழக்குதல்

அறிகுறிகளை நீண்ட பட்டியலாகக் கொடுத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. மூன்று கேள்வி போதும். மூச்சுக்குழாயில் மாற்றம் உண்டா: குரல் கம்முகிறதா, விடாத இருமல், வீசிங், விழுங்க முடியாமை, நாக்கு தடித்துப்போதல்? ரத்த ஓட்டத்தில் மாற்றம் உண்டா: வெளிறிப்போதல், துவண்டு விழுதல், தலைசுற்றல், மயக்கம்? ஒவ்வாமைப் பொருள் உள்ளே போனபின் தோல் தடிப்போடு விடாத வாந்தியோ கடும் வயிற்றுவலியோ சேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அட்ரினலின் போட வேண்டியதுதான்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது, தடிப்பு இல்லாமலும் அனாஃபிலாக்சிஸ் வரும் என்பது. 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் எதுவும் தெரிவதில்லை. உடம்பெங்கும் தடிப்பைத் தேடி, இல்லை என்று நிம்மதி அடைவது மிக ஆபத்தான பழக்கம். தெரிந்த ஒவ்வாமைப் பொருளைத் தின்றபின் குரல் மட்டும் மாறினாலும் அது போதிய காரணம்.

கைக்குழந்தைக்குத் தனி விளக்கம் வேண்டும். தொண்டை அடைக்கிறது என்று அது சொல்லாது. அழுகைக் குரல் கரகரத்துப் போவது, விளையாடிய பிள்ளை திடீரென அடங்கித் துவள்வது, திரும்பத் திரும்பக் கக்குவது, காதையும் நாக்கையும் தேய்ப்பது என்று காட்டும். இவை சாதாரண நாளிலும் வரக்கூடியவை. சந்தேகத்தைக் கிளப்புவது, புதிய உணவு கொடுத்துச் சில நிமிடங்களில் இவை கூடி வருவதுதான்.

இதை அட்டைகளால் பழக்குங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் 10 விநாடிக்குள் ‘ஊசி’ அல்லது ‘கவனிப்பு’ என்று சொல்ல வேண்டும்:

- 20 கிலோ குழந்தை, தின்ற இடத்தைச் சுற்றி உதட்டில் வீக்கம், கன்னத்தில் நாலு தடிப்பு, ஓடி விளையாடுகிறது. கவனிப்பு; ஆன்டிஹிஸ்டமின் (சாதாரண அலர்ஜி மருந்து) கொடுக்கலாம், தனியே விடக்கூடாது.
- அதே குழந்தை, பத்து நிமிடம் கழித்து மூன்று முறை வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறது. ஊசி.
- ஆஸ்துமா உள்ள 14 வயதுப் பெண், வேர்க்கடலை கலந்த பண்டம் தின்றபின் வீசிங், தோலில் ஒன்றும் இல்லை. ஊசி முதலில், இன்ஹேலர் அதன்பின்.
- தேனீ கொட்டிய பெரியவர், எழுந்தவுடன் கண் இருட்டுகிறது. ஊசி.

மூன்றாவது அட்டையில்தான் பலர் தவறுவார்கள். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரை எடுப்பார்கள். அதை நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள், ஏனெனில் கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உயிர்ச் சேதத்துக்கு முக்கிய அபாயக் காரணி. ஆன்டிஹிஸ்டமின் ஊறலையும் தடிப்பையும் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று கழியும் நேரம்தான் பல மரணங்களுக்குப் பின்னால் இருப்பது.

அட்ரினலின் போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் எழும். தொடைத் தசையில் சரியான அளவில் போட்டால், கை நடுக்கம், படபடப்பு, முகம் வெளுப்பது போன்றவை சிறிது நேரம் வந்து அடங்கும். அனாஃபிலாக்சிஸின்போது அதைப் போடவே கூடாது என்று சொல்ல எந்த நோயும் இல்லை. தேவையில்லாமல் போட்டுவிட்டதாகப் பின்னால் தெரிந்தாலும், போடாமல் விட்டதைவிடச் சிறிய தவறு அது.

கை பழகுதல்

முதலில் நீங்கள் பேசாமல் ஒருமுறை வேகமாகச் செய்துகாட்டுங்கள். பிறகு ஒவ்வோர் அசைவையும் சொல்லிக்கொண்டே மெதுவாக. மூன்றாவது முறை அவர்கள் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவதில்தான் கருவி அவர்கள் கைக்குப் போக வேண்டும். அழுத்தும் வகைக் கருவிக்கு வரிசை இது:

1. ஆளைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரலாம், வாந்தியோ மயக்கமோ இருந்தால் பக்கவாட்டில், கர்ப்பிணி இடப்பக்கம்.
2. கருவியை முழு உள்ளங்கையால் முஷ்டியாகப் பிடியுங்கள். கட்டைவிரலை எந்த முனையிலும் வைக்கக்கூடாது.
3. மறுகையால் பாதுகாப்பு மூடியை நேராக இழுத்தெடுங்கள், முறுக்காமல்.
4. தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் செங்குத்தாக, ‘கிளிக்’ கேட்கும் வரை அழுத்துங்கள். துணிக்கு மேலேயே போடலாம். பையில் சாவியோ தடித்த தையலோ இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும்.
5. அப்படியே பிடித்திருங்கள். எபிபென்னில் 3 விநாடி, சில கருவிகளில் 10 விநாடி. உறையில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.
6. போட்ட நேரத்தைக் குறித்து, அவசர எண்ணை அழைத்து, ‘அனாஃபிலாக்சிஸ்’ என்ற சொல்லையே சொல்லுங்கள்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். கருவியைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொள்வது. மூடியை எடுக்காமலே அழுத்துவது. ஊசி வலிக்குமே என்று மென்மையாகத் தொட்டு, கிளிக் கேட்காமலே எடுப்பது. குழந்தை காலை உதறி ஊசி தோலைக் கிழிப்பது. இந்தக் கடைசியைத் தவிர்க்க, குழந்தையை மடியில் வைத்து, கால்களை உங்கள் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடிக்கப் பழக்க வேண்டும். பொம்மையை வைத்து இதைச் செய்தால் போதாது. இன்னொரு பங்கேற்பாளர் காலை நிஜமாகவே உதறட்டும்.

ஊசிக்குப் பிறகான ஐந்து நிமிடமும் பயிற்சியின் பகுதிதான். தேறியதுபோல் இருக்கும்போது எழுந்து கழிப்பறைக்குப் போவதும், வண்டி வரை நடப்பதும் உயிரைப் பறிக்கும். ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கையில் நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் திடீரெனக் குறைகிறது. ஆம்புலன்ஸ் வந்தாலும் படுக்கையிலேயே தூக்கிப் போகச் சொல்லுங்கள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி, முடிந்தால் மற்றத் தொடையில். அதனால்தான் எப்போதும் இரண்டு கருவி கூடவே இருக்க வேண்டும்.

மருத்துவப் பணியாளருக்குக் கூடுதலாக

அளவு: கிலோவுக்கு 0.01 மி.கி., தசையில். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில், எடையை 100-ஆல் வகுத்தால் மி.லி. வந்துவிடும். 10 கிலோவுக்கு 0.1, 25 கிலோவுக்கு 0.25, பெரியவருக்கு உச்சம் 0.5. சிறுபிள்ளைக்கு 0.3-க்கு மேல் வேண்டாம் என்பது பரவலான வழக்கம். சில நெறிமுறைகள் வயதை வைத்து 0.15, 0.3, 0.5 மி.கி. என்று வகுத்திருக்கின்றன. உங்கள் மருத்துவமனை எதை ஏற்றிருக்கிறதோ அந்த ஒரே அட்டவணையை அவசர மருந்து ட்ரேயின் மூடியில் ஒட்டுங்கள். இரண்டையும் ஒட்டினால் பதற்றத்தில் குழப்பம்தான் மிஞ்சும்.

பெரிய தவறு நடப்பது நரம்பு (ரத்தநாளம்) வழியில். இதயம் நின்றவருக்கான அளவை, நாடி உள்ள அனாஃபிலாக்சிஸ் நோயாளிக்கு நரம்பில் ஒரேயடியாக ஏற்றிவிடுவார்கள். இதயத் துடிப்புக் கோளாறும் மாரடைப்பும் வரும். மருந்தின் செறிவை 1:1000, 1:10,000 என்று விகிதமாக எழுதும் முறை இந்தக் குழப்பத்தை வளர்த்ததால் அமெரிக்காவில் 2016-இல் ஒரே மருந்து மட்டும் உள்ள ஊசிகளின் லேபிள்களிலிருந்து அதை நீக்கினார்கள். உங்கள் இடத்தில் லேபிள் எப்படி இருந்தாலும், கேட்பவரும் கொடுப்பவரும் ‘மி.கி., தசையில், தொடையில்’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். நரம்பு வழி அட்ரினலின் தொடர் கண்காணிப்பும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அனாஃபிலாக்சிஸ் வந்தால் முதலில் டிரிப்பை நிறுத்துங்கள். நரம்பு வழியை எடுத்துவிட வேண்டாம், அது தேவைப்படும். ரத்த அழுத்தம் விழுந்தால் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. உப்புக் கரைசல் வேகமாக. பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்த, இதய மருந்து வகை) எடுப்பவருக்கு அட்ரினலின் வேலை செய்யாதபோது குளுக்ககான், பெரியவருக்கு 1 முதல் 5 மி.கி. நரம்பில் 5 நிமிடத்துக்கு மேலாக. வாந்தி வரும் என்பதால் மூச்சுக்குழாயைக் காத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போன்ற வேறு ஊசி போட்டவுடன் மயங்கியவருக்கு நாடி மெதுவாக, தோல் வெளுப்பாக, படுத்ததும் தெளிவாக இருந்தால் அது வெறும் மயக்கமாக இருக்கக்கூடும். நாடி வேகம், தடிப்பு, வீசிங் என்றால் தாமதிக்காதீர்கள்.

மாஸ்ட் செல் வெளிவிடும் ட்ரிப்டேஸை அளக்க எடுக்கும் ரத்த மாதிரியைப் பலர் மறக்கிறார்கள். அறிகுறி தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்துக்குள் ஒன்று, முழுதாகத் தேறி 24 மணி நேரத்துக்குப் பின் ஒன்று. இரண்டாவது மாதிரி காட்டும் அடிப்படை அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணை முதல் மாதிரி எட்டியிருந்தால் அது மாஸ்ட் செல் வெடிப்புக்குச் சான்று. இயல்பாக இருந்தாலும் அனாஃபிலாக்சிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது, குறிப்பாக உணவால் வந்தால்.

அலர்ஜி வரலாறு எடுப்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது வீண் அல்ல. என்ன மருந்து, எத்தனை நிமிடத்தில், என்ன நடந்தது, எப்படித் தேறியது, அதன்பின் அதை எடுத்ததுண்டா என்ற ஐந்தும் இல்லாமல் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று மட்டும் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. அந்த முத்திரை உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் முறையாகச் சோதித்தால் பென்சிலினைத் தாங்குகிறார்கள். தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ நேர்மறை என்பதும் அந்த உணவு ஒவ்வாது என்பதும் ஒன்றல்ல. அறிகுறியே இல்லாத பிள்ளையின் தட்டிலிருந்து பத்து உணவை எடுத்துவிடுவதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

அன்றாடத் தவிர்ப்பு

காலி உறைகளைக் கொடுத்து, பாலோ முட்டையோ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கேசீன், வே என்றால் பால். அல்புமின் பெரும்பாலும் முட்டை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும், தயாரிப்பு முறை சொல்லாமல் மாறும். ‘கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் கட்டாயமில்லை. அது இல்லாததால் பாதுகாப்பு என்று பொருள் கொள்ள வேண்டாம். ஒரே கரண்டி, ஒரே எண்ணெய், ஒரே பலகை வழியாகத்தான் புரதம் தாவுகிறது. கையில் ஒட்டிய வேர்க்கடலைப் புரதம் சோப்பும் நீரும் போட்டால் போகும், சானிடைசரால் போகாது.

கருவியை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாமல் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியும் வெயிலில் நிற்கும் காரும் கூடாது. மருந்து பழுப்பேறினாலோ துகள் தெரிந்தாலோ மாற்ற வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்கக்கூடாது. பிள்ளை இருக்கும் அறையிலிருந்து எடுத்து வரும் நேரத்தைப் பயிற்சி நாளில் கடிகாரத்தால் அளந்து பாருங்கள்.

சோதிப்பதும் புதுப்பிப்பதும்

எழுத்துத் தேர்வு வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் ஓர் அட்டையை நீட்டுங்கள். கருவியை எடுப்பது முதல் கிளிக் வரை யாரும் நினைவூட்டாமல் செய்தால் தேர்ச்சி. இடையில் ஒரு தவறு என்றால் முழு வரிசையையும் மறுபடி செய்ய வையுங்கள், தவறிய அசைவை மட்டும் அல்ல. பழகிய கை மாதங்களில் மறந்துவிடும். 6 மாதத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் போதும். கருவி வகை மாறும்போதும், பள்ளிக்குப் புதிய ஆசிரியர் வரும்போதும், பிள்ளையின் எடை 0.15-இலிருந்து 0.3 மி.கி. கருவிக்கு மாற வேண்டிய அளவை எட்டும்போதும் நாள் பார்க்காமல் உடனே நடத்துங்கள். செயல் திட்டத் தாளில் பெயர், படம், எடை, ஒவ்வாமைப் பொருள், அளவு, தொலைபேசி எண், மருத்துவர் கையொப்பம் இருக்கட்டும்; எடையை எழுதிய தேதியும் பக்கத்தில் வேண்டும்.

ஊசி போட்டபின் அறிகுறி மறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரக்கூடும், அரிதாக 72 மணி நேரம் வரையிலும். கவனிப்பில் வைக்கும் நேரம் முதல் தாக்குதலின் கடுமையைப் பொறுத்தது. வீட்டுக்கு அனுப்புமுன் புதிய கருவி கையில் இருக்கிறதா, எழுதிய திட்டம் இருக்கிறதா, ஒவ்வாமை மருத்துவரிடம் தேதி வாங்கியாயிற்றா என்ற மூன்றையும் பாருங்கள். விரலில் தவறிக் குத்திக்கொண்டவரை வெதுவெதுப்பான நீரில் விரலை வைக்கச் சொல்லி, விரல் வெளுத்து மரத்திருக்கிறதா என்று பார்க்க அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்த மருந்து நோயாளிக்குப் போகவில்லை, ஆகவே இரண்டாவது கருவியை உடனே எடுத்து நோயாளியின் தொடையில் போட வேண்டும்.