பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் பாதுகாப்பு மெயில்: சரிபார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

"உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் கணக்கை உறுதிசெய்யாவிட்டால் முடக்கப்படும்." பல்கலைக்கழக ஐடி பிரிவின் பெயரில் இப்படி ஒரு மெயில் வந்தால் அதை நம்புவதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. கல்வி நிறுவனங்களின் மெயிலுக்கும் ஃபைல்களுக்கும் அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட், அதை அங்கே உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றானது. ஏற்கெனவே சேவையைப் பயன்படுத்திவந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, 'இடத்தைக் காலி செய்யுங்கள்', 'படிப்பை முடித்தவர்களின் கணக்கு மூடப்படும்' என்று நிஜமான அறிவிப்புகளே வருகிற காலம் இது. போலி மெயில் எழுதுகிறவர்கள் இந்த நிஜத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சிலர் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சிலர் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போய்ப் படிக்கிறார்கள். வரும் அறிவிப்பு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. அதனால் சரிபார்க்கும் வேலையே வேறு யாரிடமோ போய்விடுகிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு அறிவிப்பு உண்மையா என்று பார்க்க, அந்த அறிவிப்பே கொடுத்த லிங்க்கையோ போன் நம்பரையோ பயன்படுத்தக் கூடாது. அது வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த வழியில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் கேட்பது

"அக்கா, இது நிஜமா?" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். நான் அதிகம் பார்க்கிற தவறு இது. அந்தப் படத்தில் அனுப்பியவரின் பெயர் இருக்கும், முகவரி இருக்காது. நீல நிற பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் எங்கே போகும் என்பது இருக்காது. சரிபார்க்கத் தேவையானது எதுவுமே இல்லாத ஒரு படத்தைப் பார்த்து, நல்ல மனசோடுதான் ஒரு சீனியர் சொல்வார்: "எனக்கும் வந்துச்சு, செஞ்சிடு." அவருக்கும் வந்தது என்பது எதற்கும் சாட்சி இல்லை. போலி மெயிலும் ஆயிரம் பேருக்கு ஒன்றாகத்தான் போகிறது. ஆனால் குரூப்பில் ஒருவர் 'செய்துவிட்டேன்' என்று எழுதியவுடன் அடுத்த பத்து பேர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மலையாளம் புரியாமல் போனில் மொழிபெயர்த்துப் படிப்பவர்களுக்கும் இதே நிலைதான். வாசகம் தமிழில் வந்துவிடும், முகவரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

குரூப்பில் கேட்பதானால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இது நிஜமா" என்று வேண்டாம். "இந்த அறிவிப்பு பல்கலைக்கழகத் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தானாகவே போய்ப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

பெயரைப் பார்ப்பது, முகவரியைப் பாதியில் விடுவது

மெயிலில் மேலே தெரியும் பெயரை அனுப்புகிறவர் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். 'ரெஜிஸ்ட்ரார்', 'ஐடி ஹெல்ப் டெஸ்க்', 'எக்ஸாம் கன்ட்ரோலர்' எதுவும் வைக்கலாம். போனில் உள்ள ஜிமெயில் செயலி முதலில் காட்டுவது அந்தப் பெயரை மட்டும்தான். பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும். அங்கே 'அட்' குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை வலது பக்கத்திலிருந்து படிக்கப் பழக வேண்டும்.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தளம் 'யூஓசி டாட் ஏசி டாட் இன்' என்று முடியும். 'ஏசி டாட் இன்' என்ற முடிவை, மத்திய அரசின் கீழ் உள்ள எர்னெட் இந்தியா என்ற அமைப்பின் வழியாகக் கல்வி நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடியும். வெறும் 'டாட் இன்', 'டாட் காம்' என்றால் யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம். இதைத் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'யூஓசி டாட் ஏசி டாட் இன் டாட்' என்று தொடங்கி, பிறகு வேறு ஏதோ ஒரு பெயர் வந்து 'டாட் காம்' என்று முடிந்தால் அது பல்கலைக்கழகத்துடையது இல்லை, கடைசியில் நிற்கும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருடையது. இடமிருந்து படிக்கிற பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. லிங்க்கிலும் அப்படியே: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வருவதை வலமிருந்து பாருங்கள், அதற்குப் பின்னால் வருவதில் பல்கலைக்கழகத்தின் பெயர் எத்தனை தடவை இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

'முகவரியில் ஹைபன் இருந்தால் போலி' என்று ஒரு விதி சுற்றுகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் உண்மையான முகவரியே 'பி ஹைபன் யூ டாட் ஏசி டாட் இன்' தான். இந்த மாதிரி குறுக்குவழி விதிகள் உண்மையானதைத் தள்ளிவிட்டுப் போலியை உள்ளே விடும். உங்கள் நிறுவனத்தின் சரியான முகவரியை அட்மிஷன் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வது இந்த விதிகள் எல்லாவற்றையும்விட மேல்.

எழுத்துப்பிழை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற காலமும் போய்விட்டது. இன்றைக்கு எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதித்தர ஏஐ கருவிகள் இருக்கின்றன. அவசரத்தில் டைப் செய்த அசல் சர்க்குலரில்தான் பிழை இருக்கும். லெட்டர்பேட், முத்திரை, ஸ்கேன் செய்த கையெழுத்து இவற்றைப் பழைய சர்க்குலரிலிருந்து வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

பிரவுசரில் தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தளத்தை நடத்துகிறவர் நல்லவரா என்று அது சொல்வதே இல்லை. போலித் தளங்களுக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

சரியான முகவரி என்றால் நிம்மதி அடைவது

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். மூன்றும் 'பாஸ்' என்றால் மெயில் அந்த முகவரிக்குரிய தளத்திலிருந்து வந்தது என்று நம்பலாம். அவ்வளவுதான் பொருள். ஒரு ஆசிரியரின் கணக்கு திருடப்பட்டிருந்தால், திருடன் அனுப்பும் மெயிலும் அதே முகவரியிலிருந்து மூன்றிலும் பாஸ் ஆகித்தான் வரும். அதனால் முகவரி சரியாக இருந்தாலும், கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடக்கும் எந்த ஐடி பிரிவுக்கும் உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. தேவையென்றால் அவர்களே அதை மாற்றியமைக்க முடியும்.

கூகுள் ஃபார்ம் இதில் தனி ரகம். லிங்க் கூகுளுடையது, பூட்டும் அசல், ஆனால் ஃபார்மை உருவாக்கியது யாரோ. அதில் கடவுச்சொல்லைத் தர வேண்டாம் என்று கூகுளே ஒவ்வொரு ஃபார்மின் அடியிலும் எழுதிவைத்திருக்கிறது. ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடும் கண்ணால் படிக்க முடியாத ஒரு லிங்க்தான். ஸ்கேன் செய்தவுடன் வரும் முகவரியைப் படித்த பிறகே உள்ளே போக வேண்டும்.

மெயிலில் இருக்கும் நம்பருக்கே போன் செய்வது

போன் செய்து கேட்டுவிட்டேன், அவர்களே சொன்னார்கள் என்பார்கள். எந்த நம்பருக்கு? மெயிலில் இருந்த நம்பருக்கு. எடுத்தவர் போலியாக இருந்தால் வேறென்ன சொல்வார்? எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆபீஸ் காரியம் எல்லாம் மலையாளத்தில் நடந்து பழகிய பிள்ளைக்கு, மறுமுனையில் ஒருவர் நல்ல தமிழில் "தம்பி, பயப்படாதே, நான் சொல்றதைச் செய்" என்றால் பாதி சந்தேகம் அங்கேயே போய்விடும். இந்த ஏக்கத்தை யாரும் குறையாகச் சொல்லக் கூடாது. ஆனால் நம்பரை அட்மிஷன் கையேட்டிலிருந்தோ நீங்களே டைப் செய்து திறந்த தளத்திலிருந்தோ எடுக்க வேண்டும். கல்லூரி ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்பது இன்னும் நல்லது. தேடுபொறியில் முதலில் வரும் 'ஹெல்ப்லைன்' நம்பரை நம்பாதீர்கள், அங்கே விளம்பரமும் கலந்திருக்கும்.

விண்ணப்பத்தை அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இ-சேவை மையம்) கொடுத்துப் போடும்போது, அவசரத்துக்கு மையத்தின் மெயிலையோ அப்பாவின் பழைய நம்பரையோ கொடுத்துவிடுவது பரவலாக நடக்கிறது. அப்புறம் உண்மையான எச்சரிக்கை போக வேண்டிய இடத்துக்கே போகாது, கணக்கை மீட்கவும் முடியாது. மீட்பு நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று இன்றே பாருங்கள்.

எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்குவது

இரண்டு முறை ஏமாந்தவர்கள் எதையும் திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதுவும் தவறு. இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு போனிலும் உறுதிசெய்யும் முறை) இந்தத் தேதிக்குள் போடுங்கள் என்று உண்மையாகவே அறிவிப்பு வரும். விட்டுவிட்டால் தேர்வு நேரத்தில் கணக்கு பூட்டிக்கொள்ளும். லிங்க்கைத் தொடாமல், தளத்தை நீங்களே திறந்து அறிவிப்புப் பகுதியைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் ஆபீஸில் கேளுங்கள்.

அறிவிப்பு அனுப்புகிறவர்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. சொந்த ஜிமெயிலிலிருந்து சர்க்குலர் அனுப்புவதும், சுருக்கிய லிங்க் வைப்பதும், தளத்தில் போடாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் விடுவதும் மாணவர்களைப் போலிக்குப் பழக்கப்படுத்துகிற வேலை. தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் கல்லூரியில் பாதுகாப்பு அறிவிப்பையாவது தமிழிலும் போடுங்கள் என்று ஐடி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால்

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. உள்ளே வந்தவர் உங்கள் மெயில்கள் தனக்கும் வரும்படி ஃபார்வர்டிங்கோ, எச்சரிக்கை மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரோ போட்டு வைத்திருக்கலாம். இரண்டையும் செட்டிங்ஸில் பாருங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். தெரியாத செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். மீட்பு நம்பர் மாறியிருக்கிறதா பாருங்கள். அதே கடவுச்சொல்லை வேறு இடத்தில் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். நீங்கள் உள்நுழையாத நேரத்தில் 'நீங்கள்தானா?' என்று போன் கேட்டால் 'இல்லை' என்றே அழுத்துங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுச் சலிப்பேற்றி 'ஆம்' வாங்குவது அவர்களின் வழக்கம்.

பணம் போயிருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்யுங்கள். கேரளத்திலிருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்தாலும் அதே எண்தான். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிவது வேகத்தைப் பொறுத்தது.

அந்த மெயிலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் 'ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்' கொடுத்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் எங்கிருந்து வந்தது என்ற ஹெட்டர் விவரம் போய்விடும், இப்படி அனுப்பினால் முழுதாகப் போய்ச் சேரும். அதை வைத்துத்தான் அதே மெயில் இன்னும் யார் யாருக்கு வந்தது என்று அவர்கள் தேடிப் பார்த்து, அனுப்பியவரைத் தடுக்க முடியும்.