‘சிக்கனமாக’: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஏற்காட்டு விடுதிகளில் குழாய்க்கு மேலே ‘தண்ணீரை சிக்கனமாக பயன்படுத்தவும்’ என்று ஒட்டியிருப்பார்கள். பொருளில் குறையில்லை, ஒற்றில்தான் சிக்கனம் பார்த்துவிட்டார்கள். ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்’ என்பதே சரி. ‘-ஆக’ என முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும். ‘சிக்கனமாக வாழ்’ என்பதில் மிகாது. ‘சிக்கனமான குடும்பம்’ பெயரெச்சம், அதிலும் மிகாது.

தேவைக்குக் குறை வைக்காமல், வீணாவதை மட்டும் தடுத்துச் செய்வதே ‘சிக்கனமாக’. இதைக் ‘குறைவாக’, ‘கஞ்சத்தனமாக’ என்ற சொற்களோடு குழப்பிக்கொள்வதுதான் அதிகம். தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். துருவிய காரட் ஒரு டப்பா இருக்கிறது. கடைசித் தட்டு வரைக்கும் வரவேண்டும் என்று கணக்காக வைத்தால், சிக்கனமாக வைக்கிறார். கடை கட்டும்போது டப்பாவில் பாதி மீந்திருக்க, சாப்பிட்டவர் தட்டில் நாலு இழைதான் விழுந்தது என்றால், கஞ்சத்தனமாக வைத்தார். ‘குறைவாக வைத்தார்’ என்பது அளவை மட்டும் சொல்லும். ஏன் குறைத்தார் என்று சொல்லாது. எழுதும்போது தயக்கம் வந்தால், மிச்சம் யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

விலைக்கு இந்தச் சொல் ஒட்டாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் பருப்பு சல்லிசாகக் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும், ‘சிக்கனமாக’க் கிடைக்காது. ‘சிக்கனமாக வாங்கினாள்’ என்றால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினாள் என்று பொருள், விலை குறைவு என்றல்ல. விளம்பரங்களில் வரும் ‘சிக்கனமான விலை’யைச் ‘சகாய விலை’ என்று திருத்திவிடலாம். ‘சிக்கனமாகச் சேமித்தான்’ என்பதும் இடறும். செலவழிப்பதுதான் சிக்கனமாக, சேமிப்பது சிறுகச் சிறுக.

பணத்துக்கு வெளியேயும் சொல் நன்றாகப் புழங்குகிறது. 4 ஓவரில் 20 ரன் கொடுத்தவர் ‘சிக்கனமாகப் பந்து வீசினார்’. அவருடைய சிக்கன விகிதம் 5. சொற்களைச் சிக்கனமாகக் கையாள்வதும் பாராட்டுதான்.

பேச்சு வழக்கில் ‘செட்டாக’, ‘கட்டும் செட்டுமாக’ என்பவை இதற்கு இணை. ஆனால் ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்று இன்று எழுதினால், இளையவர்கள் ‘செட் ஆக’ என்று படித்துவிடுவார்கள். எழுத்தில் ‘கட்டும் செட்டுமாக’ என்று முழுதாகப் போடுங்கள்.

இடமும் முக்கியம். ‘சிக்கனமாக அப்பா சேர்த்த பணத்தைச் செலவழித்தான்’ என்றால் சிக்கனம் அப்பாவுடையதா, மகனுடையதா? மகனுடையது என்றால் வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்: ‘அப்பா சேர்த்த பணத்தைச் சிக்கனமாகச் செலவழித்தான்.’ அப்பாவுடையது என்றால், ‘அப்பா சிக்கனமாக இருந்து சேர்த்த பணத்தை’ என்று தொடங்கி, மகன் அதை என்ன செய்தான் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அவன் தண்ணீராகச் செலவழித்திருக்கவும் கூடும்.