20 லிட்டர் கேனில் சாண எரிவாயு: எங்கே புளிக்கும், எப்படி மீட்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நம்பி சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சோறும் காய்கறித் தோலுமாக தினம் 100 கிராம் போட்டால் சுமார் 10 லிட்டர் கேஸ் வரும். பயோகேஸ் அடுப்பு மணிக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆக, மூன்று நிமிஷம்கூட எரியாது. பெரிய தொட்டி கட்டும் முன் கை பழகத்தான் இந்தக் கேன்.

1. கேன்

தண்ணீர் கேனில் மூன்று துளை போடுங்கள். கழிவு போடும் பிவிசி பைப் கேனின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் வரை இறங்க வேண்டும். மேலே நின்றுவிட்டால் கேஸ் முழுக்க அந்த வழியே போய்விடும். முக்கால் உயரத்தில் வழிந்தோடும் பைப். உள்பக்கம் எல்போ போட்டு வாயைக் கரைசலுக்குள் கீழ்நோக்கித் திருப்புங்கள். உச்சியில் கேஸ் குழாய். துளைகளுக்கு ரப்பர் கிராமெட்தான் (துளையில் செருகும் ரப்பர் வளையம்) என் சிபாரிசு. கேன் அமுங்கி அமுங்கி எழும்பும்போது எபாக்சி பசை விரிசல் விட்டுவிடும். நான் மூன்று தடவை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

கேஸ் சேர பழைய கார் ட்யூப். பஞ்சர் கடையில் வால்வு ஊசியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஊசி இருந்தால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கேஸ் உள்ளே நுழையாது.

2. சாணி

7 கிலோ புதுச் சாணி, 7 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். வைக்கோலைப் பொறுக்கிவிட்டு ஊற்றி மூடுங்கள். மூன்று வாரம் எதுவும் போடாதீர்கள். முதலில் நிறையும் ட்யூபைத் திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள். அதில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான், காற்றும் கலந்திருக்கும்.

3. தீனி (நான் கோட்டை விட்ட இடம்)

என் முதல் கேன் பதினெட்டாம் நாள் செத்தது. வீட்டில் விசேஷம், இரண்டு கிலோ சோறு மிச்சம். மூன்று வாரமாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டேன். மறுநாள் ட்யூப் டம்மென்று நின்றது. ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன். நான்காம் நாள் ஒரு குமிழிகூட இல்லை. மூடியைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம்.

நடந்தது இதுதான். கேனுக்குள் ஒரே கிருமி உட்கார்ந்து எல்லா வேலையும் பார்ப்பதில்லை. முதல் கூட்டம் அமைலேஸ், செல்லுலேஸ், புரோட்டியேஸ் என்ற நொதிகளை வெளியே கக்கி, மாவுச்சத்தையும் நாரையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக்கும். அடுத்தது அவற்றைத் தின்று புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக்கும். வெண்ணெய் நாற்றம் இந்த பியூட்டிரிக் அமிலத்துடையது. மூன்றாவது அவற்றை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியில் வருபவைதான், எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் மீத்தேன் ஆக்கிகள். மீத்தேனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அசிட்டிக் அமிலத்தை இவை உடைப்பதால் வருகிறது; மிச்சம் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்ப்பதால். (இவை பாக்டீரியாவே அல்ல. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவற்றின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்துத் தனி உயிர்ப் பிரிவு என்றார்கள். இன்று ஆர்க்கியா என்கிறோம்.)

அமிலம் செய்கிறவை சில மணி நேரத்தில் இரட்டிக்கும். அசிட்டிக் அமிலத்தைத் தின்கிறவைக்கு நாள் கணக்காகும். சோற்றைக் கொட்டினால் அமிலம் குவியும். பிஹெச் (புளிப்பின் அளவு; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் ஆக்கிகள் சுருண்டுவிடும். அமிலத்தைத் தின்ன ஆளில்லாமல் இன்னும் புளிக்கும். என் கேன் 5-இல் நின்றது. மறுநாள் உப்பிய ட்யூபில் இருந்தது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு.

பதற்றத்தில் ஒரு பிடி சுண்ணாம்பைப் போட்டு மூடினேன். அது மேலே நின்ற கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்ச, உள்ளே வெற்றிடமாகி கேன் 'டக்'கென்று குழிந்தது. மூடி ஓரமாகக் காற்றை இழுத்தது. மீத்தேன் ஆக்கிகளுக்கு ஆக்சிஜன் விஷம். மொத்தமும் தென்னை மரத்தடிக்குப் போனது.

இரண்டாவது கேன் ஒருமுறை 6.3-க்கு இறங்கியபோது சுண்ணாம்பைத் தொடவில்லை. தீனியை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றி, ஒரு லிட்டர் புதுச் சாணிக் கரைசல் சேர்த்தேன். ஆறு நாளில் 7-ஐத் தொட்டது. பிஹெச் பார்க்கத் தாள் போதும். மலிவான பேனா மீட்டர் அடிக்கடி பொய் சொல்லும்.

ஆகவே மூன்று வாரம் கழித்து 20 கிராமில் தொடங்கி, பத்து நாளில் 100-க்கு ஏற்றுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வேண்டாம். அதிலுள்ள லிமோனீன் என்ற எண்ணெய்ப் பொருள் கிருமிகளுக்கு ஆகாது.

4. பற்றவைப்பது

கேன் வாயில் தீக்குச்சி வைக்கவே கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். ட்யூபிலிருந்து வரும் குழாயைத் தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கி, அங்கிருந்து பர்னருக்கு விடுங்கள். தீ பின்னால் ஓடினாலும் தண்ணீர் தடுக்கும். கேஸ் அழுத்தத்தோடு வர ட்யூப் மேல் இரண்டு செங்கல் வையுங்கள். பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. எரியவில்லை என்று கையை நீட்டிச் சுட்டுக்கொண்டேன். பொழுது சாய்ந்தபின் வெளியில் வைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை (கமென்ட்களில் வந்தவை)

ஒருவருக்கு ஒரு மாதமாகியும் கேஸே இல்லை. துருவிக் கேட்டதில், சாணி கொடுத்த மாட்டுக்கு மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருக்கிறார்கள். அதுதான் காரணமாக இருக்கும் என்று வேறு மாட்டுச் சாணி போடச் சொன்னேன். மூன்றாம் வாரம் நீலச் சுடர் படம் அனுப்பினார்.

முட்டை நாற்றத்துக்கு, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு, கேஸ் குழாய் நடுவில் இரும்பு வைக்கச் சொல்லிக் கமென்ட்களில் பதில் போட்டிருந்தேன். பலர் பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்க்ரப்பரை வைத்துவிட்டு நாற்றம் போகவில்லை என்கிறார்கள். அது ஸ்டெயின்லெஸ், துருப்பிடிக்காது. நமக்கு வேண்டியதே துரு; அதுதான் வாயுவைப் பிடித்து இரும்பு சல்ஃபைடாக மாறும். லேத் பட்டறையில் இரும்புச் சுருள் வாங்கித் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் போட்டு வையுங்கள். கருத்துப்போனதும் மாற்றலாம். ஆனால் வெளியே எடுத்த உடனே தண்ணீரில் முக்கிவிடுங்கள். இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டால் சூடேறும். காய்ந்த குப்பையோடு போட்டால் தானே பற்றிக்கொள்ளவும் கூடும்.