லீவர் ரைபிளில் மான் வேட்டை: தோட்டா தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவர் ஆக்‌ஷன் ரைபிள் (விசைக்கு அடியில் உள்ள வளையப் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கி) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எந்தத் தோட்டாவுக்கு எத்தனை அடி-பவுண்டு சக்தி என்ற கணக்கைத்தான். சறுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பென்சில்வேனியா, நியூயார்க்கின் அடிராண்டாக், வட மிச்சிகன் போன்ற அடர்ந்த காடுகளில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தூரத்துக்கு 1895-இல் வந்த .30-30 வின்செஸ்டர் என்ற தோட்டாவே தாராளம். அதன் 170 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பறக்கும் ஈயப் பகுதி, குழலை விட்டுக் கிளம்பும்போது சுமார் 1,800 அடி-பவுண்டு, 100 கஜத்தில் ஏறக்குறைய 1,350. நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் மான் அதிக தூரம் ஓடாது. (இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் எடுத்து, வேட்டைப் பருவத்தில் போகிறவர்களுக்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.)

‘எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்று .45-70-க்குப் போகிறவர்கள் நிறைய. அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. அருமையான தோட்டா, மறுக்கவில்லை. ஆனால் குண்டு பெரிதாக இருந்தால் தூரமும் போகும் என்று நினைப்பது தப்பு. பழைய பாணி 405 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,330 அடி வேகத்தில்தான் கிளம்பும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 200 கஜத்தில் சுமார் 2 அடி கீழே போய்விடும். வேகம் கூட்டிய இன்றைய தோட்டாக்கள் அவ்வளவு தாழாது, ஆனால் தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குண்டு நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் படும். அந்த மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். சக்தி குறைந்த தோட்டா நெஞ்சில் படுவது இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

.45-70-இல் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே பெயரில் பல அழுத்த அளவுகளில் தோட்டா விற்கிறார்கள். இன்றைய மார்லின் 1895 மாடல் ரைபிள் தாங்குகிற தோட்டாவை 1873 ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் துப்பாக்கி தாங்காது. பெட்டியில் ‘நவீன துப்பாக்கிகளுக்கு மட்டும்’ என்று எச்சரிக்கை இருந்தால், தாத்தா காலத்துத் துப்பாக்கியில் அதைப் போடவே கூடாது.

குண்டின் மூக்கைக் கவனிக்காதது எல்லாவற்றையும்விட மோசமான தவறு. வின்செஸ்டர் 94, மார்லின் 336 என்ற பிரபல லீவர் ரைபிள்கள் இரண்டிலும் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். பக்கத்துத் திறப்பில் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும்போது பாருங்கள்: பின்னால் வரும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அடியின் நடுவில்தான் பிரைமர் எனும் சின்ன வட்டச் சில்லு. அடிபட்டால் தீப்பற்றுவது அதுதான். அங்கே கூரான, கடினமான முனை இருந்தால், சுடும்போது வரும் உதையில் அதுவே சுத்தியலாகி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். வெடிக்கும் இடம் உங்கள் இடது கை பிடித்திருக்கும் இடம். அதனால்தான் இந்த ரைபிள்களுக்குத் தட்டை மூக்குக் குண்டு. ஹார்னடியின் லெவரெவல்யூஷன் தோட்டாவில் முனை கூர்தான் என்றாலும் ரப்பர்போல மெத்தென்று அமுங்கும், பயமில்லை. சாவேஜ் 99 ரைபிளின் சுழல் மேகசினிலும் (தோட்டா வைக்கும் அறை) பிரவுனிங் பிஎல்ஆர் ரைபிளின் பெட்டி மேகசினிலும் ஒன்றின் மூக்கு இன்னொன்றின் அடியில் முட்டாது, அதனால் இந்தச் சிக்கலே கிடையாது. வயல்வெளி ஓரம், திறந்த சரிவு என்று தூரத்தில் சுட வேண்டிய இடமென்றால் .300 சாவேஜோ .308-ஓ போடும் அந்த ரைபிள்களைப் பார்ப்பதுதான் சரி.

தூரத்தைப் பற்றிய நினைப்பும் பலரை ஏமாற்றுகிறது. 100 கஜத்துக்குக் குறிவைத்த .30-30-இன் தட்டை மூக்குக் குண்டு 200 கஜத்தில் ஏறக்குறைய 8 அங்குலம் தாழ்ந்துவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே அந்த அகலம்தான். கம்பெனி அட்டவணையில் உள்ள வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 20 அங்குலம், ஆகவே இன்னும் கொஞ்சம் குறையும். 150 கஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

.44 மேக்னம் கைத்துப்பாக்கித் தோட்டாதான் என்றாலும் ரைபிள் குழலில் 240 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,750 அடி வரை எட்டும். 100 கஜத்துக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால் பல மார்லின் 1894 ரைபிள் குழல்களில், குண்டைச் சுழல வைக்கும் உட்பள்ளங்களின் முறுக்கு 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று மட்டுமே. 300 கிரெய்ன் மாதிரி கனமான குண்டை அது சரியாகச் சுழற்றாது, குறி சிதறும்.

அப்புறம் சட்டம். தோட்டா வாங்கிய பிறகு விதியைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓஹையோவில் மான் வேட்டைக்கு ரைபிள் என்றால் கழுத்து குறுகாத, நேரான உறை (வெடிமருந்து அடைத்த உலோகக் கூடு) கொண்ட தோட்டாதான். .30-30-இன் உறை கழுத்தில் குறுகும், ஆகவே அங்கே ஆகாது; .45-70, .44 மேக்னம் ஆகும். இந்த மாதிரி மாநிலங்களை மனதில் வைத்துத்தான் ரெமிங்டன் .30-30 உறையையே நேராக்கி, 2023-இல் .360 பக்ஹேமரைக் கொண்டுவந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் மாநில வனத்துறையின் கையேட்டைப் பாருங்கள்.

பழைய ரைபிள் வாங்குகிறீர்கள் என்றால் குழலில் பொறித்திருக்கும் பெயரை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். வின்செஸ்டர் 94 வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் .30-30-க்கும் வரும், .32 ஸ்பெஷலுக்கும் வரும். ‘.30 டபிள்யூசிஎஃப்’ என்று இருந்தால் அது .30-30-இன் பழைய பெயர், தயங்காமல் வாங்கலாம். .32 என்றால் குண்டின் விட்டமே வேறு, பெட்டி கிடைக்கும் கடைகளும் குறைவு. .35 ரெமிங்டனுக்கும் இதே கதைதான்: காட்டுக்குள் பிரமாதமான தோட்டா, ஆனால் அலமாரியில் எப்போதும் இருக்காது. ரைபிளுக்குப் பணம் கொடுக்கும் முன் தோட்டா எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள்.